தெள்ளுப்பூச்சி துள்ளும் பட்டறை

ஹோனலூலுவுக்கு விடுமுறைக்குப் போகிறவர்களின் நிகழ்ச்சி நிரல் ஏறக்குறைய ஒன்றுதான். வைகிகி கடற்கரை, பேர்ல் ஹார்பர் நினைவுச் சின்னம், கழுத்தில் ஒரு பூமாலை, திரும்பும் நாளன்று கடைத்தெருவில் ஒரு உகுலேலே. ஒரு முழத்துக்குச் சற்று அதிகமான நீளம், நாலு தந்தி, முகத்தில் தென்னை மரம் வரைந்த பெயிண்ட். வீட்டுக் குழந்தை நாலு நாள் அதை மீட்டும். ஐந்தாம் நாள் பரணுக்குப் போய்விடும்.

வைகிகியிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, சவுத் தெருவில் இருக்கும் கமாக்கா பட்டறைக்குப் போனவர்களுக்கு இந்த வாத்தியத்தை அவ்வளவு சுலபமாகப் பரணில் போட மனம் வராது. வெளியிலிருந்து பார்த்தால் இன்னொரு கட்டடம். உள்ளே மரத்தூள் வாசனை, பசை, மெருகெண்ணெய், ரம்பத்தின் இரைச்சல். பல பத்தாண்டுகளாக வருகிறவர்களுக்குப் பட்டறையை இலவசமாகவே சுற்றிக் காட்டிவந்தார்கள். அதிலும் பல ஆண்டுகள் அந்த வேலையைச் செய்தவர் சம்பளத்துக்கு வைத்த வழிகாட்டி அல்ல, நிறுவனரின் மகன் ப்ரெட் கமாக்கா.

கதை அவருடைய அப்பாவுக்கும் முன்பே தொடங்குகிறது. 1879 ஆகஸ்ட் 23. அட்லாண்டிக்கில் இருக்கும் போர்ச்சுகீசியத் தீவான மதேராவிலிருந்து நான்கு மாதப் பயணத்துக்குப் பிறகு 'ராவென்ஸ்க்ராக்' கப்பல் ஹோனலூலு துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. அதில் இருந்த நானூற்றுச் சொச்சம் பேரும் ஹவாய் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களும் அவர்களது குடும்பத்தினரும். இந்திய வாசகர்களுக்கு இது தெரிந்த கதைதான். அதே ஆண்டு மே மாதம் கல்கத்தாவிலிருந்து 463 ஒப்பந்தக் கூலிகளுடன் 'லியோனிடாஸ்' பிஜித் தீவில் போய் நின்றது. ஒரே பசிபிக் கடல், ஒரே கரும்பு. 1881ல் உலகப் பயணம் கிளம்பிய ஹவாய் மன்னர் கலாகவுவா கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் வந்து போனார். தோட்டங்களுக்கு ஆள் தேடுவதும் அந்தப் பயணத்தின் நோக்கங்களில் ஒன்று.

ராவென்ஸ்க்ராக்கில் வந்தவர்களில் மூன்று பேர் மரவேலைக்காரர்கள்: மனுவேல் நூனெஸ், அகுஸ்தோ தியாஸ், ஜோஸே தோ எஸ்பிரிதோ சாந்தோ. கரும்பு வெட்டு முடிந்ததும் மூவரும் ஹோனலூலுவில் கடை போட்டார்கள். மதேராவில் 'மசேத்' என்று ஒரு குட்டி கிதார் உண்டு. வந்திறங்கிய இரண்டு வாரத்துக்குள்ளேயே, மதேராக்காரர்கள் இரவுகளில் தெருவில் கச்சேரி நடத்துகிறார்கள் என்று உள்ளூர்ப் பத்திரிகை எழுதிவிட்டது. அந்தக் குட்டி கிதாரை உள்ளூர் மரத்தில் செய்து, சுருதியையும் சற்று மாற்றிப் பிறந்ததுதான் உகுலேலே. ஹவாய் மொழியில் உகு என்றால் தெள்ளுப்பூச்சி, லேலே என்றால் துள்ளுவது. தந்திகள் மேல் விரல்கள் துள்ளுவதைப் பார்த்து வைத்த பெயர் என்பது பரவலான விளக்கம். கடைசி அரசி லிலியுவோகலானிக்குப் பூச்சிக் கதை பிடிக்கவில்லை. 'இங்கே வந்து சேர்ந்த கொடை' என்று அவர் பொருள் சொன்னார். அரசிகளுக்கு அந்த உரிமை உண்டு.

கலாகவுவா இதை அரண்மனைக்குள் கொண்டுபோனார். ஹூலா நடனத்துக்குப் பக்கவாத்தியமாக்கினார். ஆனால் அரண்மனை நிலைக்கவில்லை. 1893ல் அரசியைக் கவிழ்த்தார்கள். 1896ல் பள்ளிகளில் ஹவாய் மொழி பயிற்றுமொழியாக இல்லாமல் போனது. 1898ல் அமெரிக்கா தீவுகளை இணைத்துக்கொண்டது. நாடும் மொழியும் பின்னுக்குத் தள்ளப்பட்ட அந்த நாட்களில் வாத்தியம் மட்டும் பரவியது. 1915ல் சான் பிரான்சிஸ்கோ உலகக் கண்காட்சியில் ஹவாய் இசைக்குழுக்கள் வாசித்ததைக் கேட்டு அமெரிக்காவே உகுலேலே பைத்தியம் பிடித்து அலைந்தது. பெரிய அமெரிக்கக் கம்பெனிகள் மலிவாகச் செய்து குவிக்க ஆரம்பித்தன.

அந்தச் சமயத்தில்தான், 1916ல், நூனெஸிடம் தொழில் பயின்ற சாமுவேல் கமாக்கா என்ற ஹவாய்க்காரர் தன் வீட்டு நிலவறையில் தனியாக வேலை தொடங்கினார். போர்ச்சுகீசியர் கையிலிருந்து தொழில் இந்த மண்ணின் மனிதர் கைக்கு வந்தது. இடுப்பு இல்லாத முட்டை வடிவத்தில் ஒரு உகுலேலே செய்தார். அன்னாசிப்பழம் மாதிரி இருக்கிறது என்றார்கள் நண்பர்கள். பெயரும் அதுவே ஆயிற்று. 1928ல் வடிவத்துக்குக் காப்புரிமையும் கிடைத்தது.

கமாக்கா 1953ல் காலமானார். மூத்த மகன் சாம் அப்போது பூச்சியியலில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தவர். படிப்பை விட்டுவிட்டு வந்து பட்டறையை எடுத்துக்கொண்டார். (தெள்ளுப்பூச்சி அவரை விடவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.) இன்னொரு மகன் ப்ரெட் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து சேர்ந்தார். அப்பா பிள்ளைகளுக்கு விட்டுப்போன கட்டளை ஒன்றே ஒன்று: வாத்தியம் செய்து குடும்பப் பெயரை அதில் போடுவதாக இருந்தால் குப்பையைச் செய்யாதீர்கள்.

அதற்கு என்ன செலவாகிறது என்பது பட்டறைக்குள் தெரியும். மரத்தின் பெயர் கோவா. நம் கோவாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, நடுவில் போர்ச்சுகீசியர்கள் இருந்தாலும். ஹவாய்த் தீவுகளைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வளராத மரம். நீலகிரியில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து நட்ட ஆஸ்திரேலிய பிளாக்வுட்டுக்கு நெருங்கிய உறவு. முன்பு ஹவாய்க்காரர்கள் இதைக் குடைந்துதான் ஓடங்கள் செய்தார்கள். 1793ல் வந்திறங்கிய மாடுகள் பெருகிக் காட்டில் கன்றுகளை மேய்ந்தன. பிறகு மேய்ச்சல் நிலத்துக்காகக் காடே அழிந்தது. இன்று நல்ல கோவாப் பலகைக்கு விலை சொல்லி மாளாது.

வாங்கிய பலகையை உடனே தொடுவதில்லை. ஆண்டுக்கணக்கில் காய வைக்கிறார்கள். பிறகு ஒரே பலகையைப் புத்தகம் திறப்பதுபோல இரண்டாகப் பிளந்து பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுகிறார்கள். அதனால்தான் முகத்தின் இரண்டு பாதியிலும் மரவரிகள் கண்ணாடியில் பார்த்ததுபோல ஒத்திருக்கின்றன. விலாப் பட்டைகளைச் சூட்டில் வளைக்கிறார்கள். முகப்பலகையை ஒரு கனமான அட்டையின் பருமனுக்கு இழைக்க வேண்டும். கொஞ்சம் தடித்தால் நாதம் அமுங்கிவிடும். கொஞ்சம் மெலிந்தால் தந்தியின் இழுப்பில் பலகை உப்பிவிடும்.

இங்கே வந்தவர்கள் மறக்காமல் சொல்லும் விஷயம் ஒன்று உண்டு. காது கேளாத பலருக்கு இந்தப் பட்டறை ஆண்டுக்கணக்கில் வேலை கொடுத்திருக்கிறது. இசைக்கருவிப் பட்டறையில் செவிடர்களா என்று புருவம் உயர்த்தினால் பதில் பலகையில் இருக்கிறது. தட்டிப் பார்த்து, அதிர்வை விரல் நுனியில் வாங்கிப் பருமனைக் கணிக்கிறார்கள். காது உள்ளவருக்கு ரம்ப இரைச்சலில் அது கேட்காது. அவர்களுக்கு இரைச்சலே இடைஞ்சல் இல்லை. இதை இரக்கக் கதையாகச் சொல்வது அவர்களுடைய தொழிலுக்கு அவமரியாதை.

நடுவில் கஷ்ட காலமும் வந்தது. 1950களில் பிளாஸ்டிக் உகுலேலே லட்சக்கணக்கில் விற்றது. பின்னால் எலக்ட்ரிக் கிதார் வந்து எல்லாவற்றையும் விழுங்கியது. 1970களில் ஹவாய் மக்கள் தங்கள் மொழியையும் நடனத்தையும் மீட்கக் கிளம்பியபோது உகுலேலேயும் கூடவே எழுந்தது. பாடகர் இஸ்ரேல் கமாகவிவோலே இந்த ஒரு வாத்தியத்தை மட்டும் வைத்துக்கொண்டு பாடிய பாட்டு உலகம் முழுவதும் ஒலித்தது. 1997ல் அவர் இறந்தபோது உடலை மாநில சட்டமன்றக் கட்டடத்தில் மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். சவப்பெட்டி கோவா மரத்தில் செய்தது.

கரும்பு போய்விட்டது. ஹவாயின் கடைசிக் கரும்புத் தோட்டம் 2016ல் மூடப்பட்டது. அதே ஆண்டு கமாக்கா பட்டறை நூறாண்டு கொண்டாடியது. இப்போது பேரன்கள் காலம். ஆண்டுக்குச் சில ஆயிரம் வாத்தியங்கள்தான் செய்கிறார்கள், ஒன்றின் விலை ஆயிரம் டாலருக்கு மேல். விடுமுறைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் விலைச்சீட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக் கிளம்புகிறார்கள். வைகிகிக்குத் திரும்பியதும் மறுபடி அந்தக் கடைத்தெரு. ஆனால் இப்போது தென்னை மரம் வரைந்த உகுலேலேயை எடுத்தால் தந்தியை மீட்டிப் பார்ப்பதற்கு முன் ஓட்டை வழியே உள்ளே எட்டிப் பார்க்கிறார்கள், எந்த ஊரில் செய்தது, யார் பெயர் போட்டிருக்கிறது என்று. பலவற்றில் பெயரே இருப்பதில்லை.