காப்பாற்றிய கம்பளமும் கத்தரித்த கம்பளமும்

"வெள்ளைக்காரன் மட்டும் எடுத்துக்கொண்டு போகாவிட்டால் இதெல்லாம் எப்போதோ மக்கிப் போயிருக்கும்." மியூசியம் பற்றிப் பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் இந்த வசனத்தை எடுத்துவிடுவார். பாரசீகக் கம்பளம் என்றால் உடனே லண்டனில் இருக்கும் அர்தபில் கம்பளத்தை உதாரணமாகக் காட்டுவார். தப்பான உதாரணம் சார்! இருப்பதிலேயே தப்பான உதாரணம்.

ஈரானின் வடமேற்கில் இருக்கிற ஊர் அர்தபில். சஃபவி மன்னர்களின் முன்னோரான சூஃபி ஞானி ஷேக் சஃபியுத்தீனின் தர்கா அங்கே இருக்கிறது. அதில் விரிப்பதற்காக ஷா தஹ்மாஸ்ப் காலத்தில் ஒரே டிசைனில் இரண்டு கம்பளங்கள் நெய்தார்கள். (இரண்டு! ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.) பாவும் ஊடும் பட்டு, மேலே போட்ட முடிச்சு கம்பளி. லண்டனில் இருப்பது ஏறக்குறைய 10.5 மீட்டர் நீளம், 5.3 மீட்டர் அகலம். முடிச்சுகள் மட்டும் இரண்டரைக் கோடிக்கு மேல். கருநீலப் பரப்பின் நடுவில் மஞ்சள் பதக்கம், அதைச் சுற்றி 16 நீள்வட்டங்கள், மூலைக்கு மூலை அதே பதக்கத்தின் கால் பாகம். பதக்கத்தின் இரு பக்கமும் தொங்குகிற விளக்குகளில் ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு. தூரப் பார்வைக்குச் சமமாகத் தெரியவா, வேண்டுமென்றே விட்ட குறையா என்று இன்னும் சண்டை நடக்கிறது. இத்தனைக்கும் மொத்தமே பத்து நிறம்தான். ஓரமாக ஒரு சின்னக் கட்டத்தில் ஹாஃபிஸின் கவிதை வரிகள், காஷான் ஊர் மக்ஸூதின் பெயர், ஹிஜ்ரி 946 என்ற வருடம். அதாவது 1539-40. வருடம் போட்ட பழைய கம்பளம் கிடைப்பதே அபூர்வம்.

நிற்க. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தர்கா இரண்டையும் விற்றது. இரண்டும் நைந்திருந்தன. வாங்கிய வியாபாரிகள் போட்ட கணக்கு எளிமையானது. நைந்த கம்பளம் இரண்டு இருந்தால் இரண்டுக்கும் சுமாரான விலை. முழுசாக ஒன்றே ஒன்று, உலகத்தில் வேறு ஜோடி இல்லாதது என்றால்? கத்தரியை எடுத்தார்கள். ஒன்றின் கரையையும் பரப்பையும் வெட்டி மற்றதன் ஓட்டைகளை அடைத்தார்கள். 1892ல் லண்டனில் கடை விரித்தபோது ஜோடியைப் பற்றி மூச்சு விடவில்லை. அடுத்த வருடமே, வில்லியம் மாரிஸின் பலமான சிபாரிசோடு, பின்னால் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் என்று பெயர் மாறிய மியூசியம் 2000 பவுண்டுக்கு வாங்கியது.

ஒரு சொத்தை எழுதித் தள்ளி இன்னொன்றின் விலையை ஏற்றுவதற்கு வியாபாரத்தில் எத்தனையோ பெயர் உண்டு. காப்பாற்றுவது என்ற பெயர் மட்டும் கிடையாது.

"தர்காவே விற்றதுதானே, திருடவில்லையே?" நியாயமான கேள்வி. திருட்டு என்று யார் சொன்னது? விற்றார்கள், வாங்கினார்கள். அப்படியானால் அது வியாபாரம் என்றே சொல்லிவிட்டுப் போகலாமே. புண்ணியக் கணக்கில் எதற்கு வரவு வைக்க வேண்டும்?

"கந்தலை வைத்துக்கொண்டு வேறென்ன செய்வது?" என்ற கேள்வியும் வரும். அதற்கும் பதில் இருக்கிறது. வெட்டியது போக மிஞ்சியதை அமெரிக்காவுக்கு ரகசியமாகத் தள்ளிவிட்டார்கள். அந்தக் கந்தலைத்தான் 1938ல் ஜே. பால் கெட்டி ஏறக்குறைய 70,000 டாலர் கொடுத்து வாங்கினார்! ஓட்டையோடு விட்டிருந்தாலும் இரண்டுக்கும் மதிப்பு இருந்திருக்கும். காத்திருக்கப் பொறுமை இல்லை, அவ்வளவுதான்.

லண்டன் மியூசியம் இன்று இதை மறைக்கவில்லை. இன்னொரு கம்பளத்தின் துண்டுகள் சேர்ந்தது என்று அதுவே சொல்கிறது. மறந்துபோனது நம் வசனகர்த்தாக்களுக்குத்தான்.

1953ல் கெட்டி தன் கம்பளத்தை லாஸ் ஏஞ்சலஸ் மியூசியத்துக்குக் கொடுத்துவிட்டார். அதிலும் அதே மக்ஸூத், அதே 946. நீளம் மட்டும் 7.2 மீட்டர்தான். பழைய கரை எங்கே என்று கேட்பவர்கள் லண்டனுக்கு டிக்கெட் எடுக்க வேண்டியதுதான்.