மாடியில் சோலார், வீட்டில் இருட்டு!

"மாடியில் சோலார் போட்டாச்சு, இனிமேல் கரண்ட் கட் பற்றிக் கவலையே இல்லை" என்று சொல்பவர்கள் தமிழ்நாட்டில் இப்போது பெருகி வருகிறார்கள். ஆனால் பேட்டரி இல்லாமல் சோலார் போட்ட வீடுகளில், தெருவில் மின்சாரம் போன அடுத்த சில நொடிகளில் அந்த சோலாரும் நின்றுவிடும். உச்சி வெயில் மண்டையைப் பிளந்தாலும் சரி! மாடியில் மூன்று கிலோவாட் பேனல் சும்மா காய்ந்துகொண்டிருக்கும். கீழே ஹாலில் ஃபேன் சுற்றாது.

இது பழுதும் இல்லை, ஏமாற்று வேலையும் இல்லை. அந்தக் கருவி அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. விற்பவர்கள் பலர் இதை எடுத்துச் சொல்வதில்லை. வாங்குபவர்கள் பலரும் கேட்பதில்லை. கேட்காமல் விட்டதன் பலன் புயல் அடித்த இரவில்தான் தெரியும்.

ஏன் நிற்கிறது?

வீடுகளில் போடும் சோலார் மூன்று வகை. முதலாவது ஆன்-கிரிட். பகலில் பேனல் தரும் மின்சாரத்தில் வீட்டுக்குப் போக மிச்சம் மின்வாரியத்தின் கம்பிக்குப் போய்விடும். இரவில் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். பேட்டரி கிடையாது. இரண்டாவது ஆஃப்-கிரிட். பேனல் பேட்டரியை நிரப்பும், பேட்டரி வீட்டை ஓட்டும், வெளிக் கம்பிக்கு எதுவும் போகாது. மூன்றாவது ஹைபிரிட். இரண்டையும் செய்யும், விலையும் கூட.

ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் வெளியிலிருந்து வரும் மின்சாரத்தின் வோல்டேஜையும் அதிர்வெண்ணையும் பார்த்து, அதோடு தாளம் சேர்ந்துதான் வேலை செய்யும். வெளியே மின்சாரம் நின்றால் தானும் நின்றுவிட வேண்டும் என்பது விதி. விதி நியாயமானதுதான். லைன் ஆஃப் ஆகிவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறிய லைன்மேன் மீது, ஏதோ ஒரு வீட்டு மாடியிலிருந்து திரும்பி வரும் மின்சாரம் பாய்ந்தால் என்ன ஆகும்? அவர் உயிரைக் காப்பதற்காகத்தான் அந்த வீடு இருளில் மூழ்குகிறது.

2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் நட்டநடுப் பகலில் மின்சாரம் இழந்தன. ஸ்பெயினில் சூரிய மின்சாரத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆனாலும் மாடியில் பேனல் இருந்து பேட்டரி இல்லாத வீடுகள், பேனலே இல்லாத வீடுகளைப் போலவே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

இந்தியாவில் 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டம் ஒரு கோடி வீடுகளைக் குறிவைத்தது. ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டு கிலோவாட்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000 என்று மானியம் கிலோவாட் கணக்கில் வகுக்கப்பட்டது. நல்ல திட்டம்தான், மின்கட்டணம் குறையும். ஆனால் கட்டணம் குறைவது வேறு, கரண்ட் போன இரவில் விளக்கு எரிவது வேறு. இரண்டையும் ஒன்றாக நினைப்பதுதான் இன்றைய பெரிய குழப்பம்.

"இப்போதெல்லாம் கரண்ட் கட் எங்கே இருக்கிறது?"

இது அடுத்த கேள்வி. 2008-இல் தொடங்கிய மின்வெட்டும், 2012-இல் சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் இல்லாமல் கிடந்ததும் இப்போது பழங்கதை. அதே 2012-இல் ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியாவின் மின்தொகுப்பே சரிந்து கோடிக்கணக்கானவர்கள் தவித்ததும் மறந்துபோன செய்தி. ஆனால் அன்றாட மின்வெட்டு போனதால் ஆபத்து போய்விடவில்லை, அதன் முகம்தான் மாறியிருக்கிறது. முன்பு தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. இப்போது வருடத்தில் ஒருமுறை, மொத்தமாக, புயலோடு வருகிறது.

2011 டிசம்பரில் தானே கடலூரையும் புதுச்சேரியையும் புரட்டிப் போட்டது. 2016 டிசம்பர் 12-இல் வர்தா சென்னையின் மரங்களைச் சாய்த்தது. மரத்தோடு கம்பமும் கம்பியும் சாய்ந்தன. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா, டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களை வீழ்த்தியது. வெளி மாவட்டங்களிலிருந்தெல்லாம் மின் ஊழியர்கள் வந்து, சேற்றில் நின்று கம்பம் நட்டார்கள். அப்படியும் உள்ளடங்கிய கிராமங்களில் வெளிச்சம் வர வாரக்கணக்கில் ஆனது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது, தண்ணீர் தேங்கிய சென்னைத் தெருக்களில் யாருக்கும் ஷாக் அடிக்கக்கூடாது என்று மின்சாரத்தை நிறுத்தியே வைக்க வேண்டியிருந்தது.

கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் புயலே தேவைப்படவில்லை. எரிபொருள் வாங்க டாலர் இல்லாமல் 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு.

இப்படிப்பட்ட நாட்களில் இருட்டு மட்டும் பிரச்சினை இல்லை. மோட்டார் ஓடாது, அதனால் மேல்தொட்டியில் தண்ணீர் இருக்காது. செல்போன் செத்துவிடும், அதனால் வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கு அம்மா உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாது. ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு நெபுலைசர் வைக்க முடியாது. வெறுமனே சிரமம் என்று சொல்லிக் கடந்துவிடக்கூடிய விஷயங்கள் இல்லை இவை.

எத்தனை கிலோவாட் என்பது தவறான கேள்வி

சோலார் கடைக்குப் போனால் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை கிலோவாட் போடலாம்?" அவசரத்துக்கான ஏற்பாடு என்றால் கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். அந்த இரவில் எது ஓடியே ஆக வேண்டும், எத்தனை மணி நேரம் ஓட வேண்டும் என்று முதலில் ஒரு தாளில் எழுத வேண்டும். ஏசி, ஹீட்டர், மிக்சி, அயர்ன் பாக்ஸ் எல்லாம் அந்தத் தாளில் வரவே கூடாது. நான்கு பேர் உள்ள ஒரு சாதாரண வீட்டுக்கு இப்படி வரும்:

1. 9 வாட் எல்.ஈ.டி. பல்பு நான்கு, 5 மணி நேரம்: 180 வாட்-மணி.
2. பி.எல்.டி.சி. ஃபேன் இரண்டு (30 வாட் வீதம்), 8 மணி நேரம்: 480 வாட்-மணி.
3. செல்போன் நான்கு, ஒருமுறை முழு சார்ஜ்: சுமார் 60 வாட்-மணி.
4. இன்டர்நெட் ரவுட்டர், 6 மணி நேரம்: சுமார் 60 வாட்-மணி.

மொத்தம் 780. இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால் ஏறக்குறைய 900 வாட்-மணி, அதாவது ஒரு யூனிட்டுக்கும் குறைவு! இதற்கு எவ்வளவு பேட்டரி வேண்டும்? பல வீடுகளில் இருக்கும் 12 வோல்ட், 150 ஏ.எச். பேட்டரியில் கணக்குப்படி 1,800 வாட்-மணி இருக்கும். ஈய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்யாமல் இருந்தால்தான் அது நீண்ட நாள் உழைக்கும். பாதி என்றால் 900. கணக்கு கச்சிதமாக முடிந்துவிட்டது.

இதே வீட்டில் பழைய 75 வாட் ஃபேன் இரண்டு ஓடினால் ஃபேனுக்கு மட்டுமே 1,200 வாட்-மணி போய்விடும். இரண்டாவது பேட்டரி வாங்குவதை விட ஃபேனை மாற்றுவது மலிவு. சிக்கனம்தான் முதல் பேட்டரி!

பேனல் எவ்வளவு? தமிழ்நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் சராசரியாக நாளுக்கு நான்கு யூனிட் தரும். அந்தக் கணக்கில் 300 வாட் பேனல் ஒன்று, நல்ல வெயில் நாளில் இந்த பேட்டரியை மறுபடி நிரப்பிவிடும். மாடியின் ஒரு மூலை போதும்.

"புயல் நேரத்தில் வெயில் ஏது?" என்று கேட்கலாம். சரியான கேள்வி. கனத்த மேகம் இருந்தால் கால் பங்கு கூட வராது. அன்று ஃபேனை மறந்துவிட்டு, இரண்டு பல்பும் நான்கு போனும் மட்டும் என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 150 வாட்-மணிதான். வெயிலே இல்லாமல் நான்கைந்து நாள் தள்ளலாம். ஒரு நிபந்தனை: இன்வெர்ட்டரை ஆன் செய்து சும்மா வைத்திருந்தாலே அது மணிக்குப் பத்து, பதினைந்து வாட்-மணியைத் தின்றுகொண்டிருக்கும். தேவை இல்லாதபோது அதை அணைத்துவிட வேண்டும். பேட்டரியிலிருந்து நேரடியாக எரியும் 12 வோல்ட் டி.சி. பல்பு இரண்டு இருந்தால் இன்வெர்ட்டரே வேண்டாம். புயலில் மழை இரண்டொரு நாளில் ஓய்ந்துவிடும். கம்பம் நட்டு முடிக்கத்தான் வாரக்கணக்கில் ஆகும். அந்த வாரங்களில் வெயில் இருக்கும்.

சிறியதாக இருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. ஒன்றிரண்டு பேனல் என்றால் புயல் எச்சரிக்கை வந்ததும் நட்டைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடலாம். பத்துப் பேனலை யார் கழற்றுவது?

பழைய இன்வெர்ட்டர் சும்மாவா இருக்கிறது?

மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய இன்வெர்ட்டர் இன்றும் பல வீடுகளில் மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. அது ஒரு இரவைத் தாங்கும். இரண்டாம் நாள்? அதை நிரப்பவும் மின்வாரியம்தான் வர வேண்டும். அந்த பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் ஒரு பேனலும் பொருத்தமான சோலார் சார்ஜ் கன்ட்ரோலரும் சேர்த்தாலே, ஒரு இரவு பல இரவுகளாக நீளும். எல்லாவற்றையும் புதிதாக வாங்க வேண்டியதில்லை.

கவனிக்க வேண்டியவை சில உண்டு. கார் பேட்டரி இந்த வேலைக்கு ஆகாது. அது ஒரு நொடி வேகமாக மின்சாரம் தந்து எஞ்சினைக் கிளப்பச் செய்யப்பட்டது, இரவு முழுக்க மெதுவாகக் கொடுக்க அல்ல. ஈய-அமில பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றாமல் விட்டால் பிளேட் காய்ந்துவிடும். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் சமையலறையிலோ படுக்கையறையிலோ வைக்கக்கூடாது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி விலை கூட, ஆனால் எண்பது சதவீதத்துக்கு மேல் பயன்படுத்தலாம், ஆயுளும் அதிகம்.

முக்கியமான ஒன்று: 2015 டிசம்பர் வெள்ளம் போல ஒன்று வந்தால் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் பேட்டரிதான் முதலில் மூழ்கும். அதை இடுப்புக்கு மேல் உயரத்தில் வைப்பதற்கு ஒரு இரும்பு ஸ்டாண்டுதான் செலவு. இன்னொன்று, சில சோலார் இன்வெர்ட்டர்களில் மின்கட்டணத்தை மிச்சம் பிடிக்க மாலையிலேயே பேட்டரியைக் காலி செய்யும் செட்டிங் இருக்கும். மழைக்காலத்தில் அதை மாற்றி வைக்காவிட்டால் இரவு கரண்ட் போகும்போது பேட்டரியும் காலியாக இருக்கும்!

லாபக் கணக்கு பார்க்கலாமா?

பார்த்தால் நஷ்டம்தான். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்ற மாநிலத்தில், பேட்டரியில் சேமித்த மின்சாரம் மின்வாரிய மின்சாரத்தை விட மலிவாக வராது. பேட்டரியை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றவும் வேண்டும். "ஐந்து வருடத்தில் போட்ட காசு திரும்பி வரும்" என்று ஆன்-கிரிட் சோலாருக்குச் சொல்வதை இதற்கும் சொன்னால் அது பொய். ஆனால் வீட்டில் முதலுதவிப் பெட்டி வைத்திருப்பவர்கள் அது எத்தனை வருடத்தில் லாபம் தரும் என்று கேட்பதில்லையே! இது அந்தக் கணக்கில் சேர வேண்டிய செலவு.

எல்லோராலும் வாங்க முடியுமா என்றால், முடியாது. புயலில் கூரை பறப்பது யாருக்கோ, அவர்களிடம் 300 வாட் பேனல் வாங்கவும் காசு இருக்காது. அரசு செய்ய வேண்டியது இங்கேதான் இருக்கிறது. 2011-இல் தமிழக அரசு அறிவித்த சூரிய மின்சக்தி பசுமை வீடுகள் திட்டத்தில் வீட்டுக்கு ஐந்து சூரிய விளக்குகள் வைத்தார்கள். ஏழை வீட்டுக்குத் தேவை கிலோவாட் அல்ல, விளக்கு என்று அப்போதே புரிந்திருந்தது. இன்று மானியம் பேனலின் அளவைப் பார்த்துக் கணக்கிடப்படுகிறது. இரவில் அது எத்தனை மணி நேரம் விளக்கெரிக்கும் என்று யாரும் பார்ப்பதில்லை. குறைந்தபட்சம் கடலோர மாவட்டங்களிலாவது புயல் பாதுகாப்பு மையம், ஆரம்ப சுகாதார நிலையம், அரசுப் பள்ளி, ரேஷன் கடை என்று ஊருக்கு ஓரிடத்தில் பேட்டரியோடு கூடிய சோலார் இருக்க வேண்டும். போன் சார்ஜ் செய்யவும், நெபுலைசர் வைக்கவும், ஊரார் கூடி உட்காரவும் ஓர் இடம்.

அதுவரை, வசதி உள்ள வீடுகள் அந்த வேலையைச் செய்யலாம். திண்ணையில் ஒரு பல்பும், ஆறு சார்ஜர் சொருகுகிற ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் போதும். நெபுலைசர் தேவைப்படும் குழந்தை அடுத்த வீட்டில்கூட இருக்கலாம்.

சோலார் போட்டுக்கொண்டவர்களும் போட நினைப்பவர்களும் செய்ய வேண்டிய சோதனை ஒன்றே ஒன்றுதான். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், ஏதாவது ஒரு சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். காலை ஆறு மணி வரை போடக்கூடாது. எது எரிகிறது, எது நிற்கிறது, எத்தனை மணிக்கு நிற்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். குறை தெரிந்தால் மறுநாள் கடை திறந்திருக்கும், எலக்ட்ரீசியன் போனை எடுப்பார். புயல் இரவில் தெரிந்தால் இரண்டுமே இருக்காது.