முதுமையியல் சான்றிதழ் படிச்சா வேலை கிடைக்குமா? ஃபீஸ் கட்டும் முன் இதைப் பாருங்க!

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100 பேரில் சுமார் 10 பேர் 60 வயது நிரம்பியவர்கள். 2031-ல் இது 18 ஆக உயரும் என்பது மத்திய அரசின் கணிப்பு. பெரிய மாநிலங்களில் கேரளாவுக்கு அடுத்த இடம் நமக்குத்தான்.

‘அப்போ முதியோர் சார்ந்த படிப்புக்கு நல்ல எதிர்காலம் இருக்குமே, சேரலாமா?’ என்ற கேள்வி இயல்பாகவே வரும். பதில் ஆம், இல்லை என்று ஒரே வார்த்தையில் முடிவதில்லை. ஏன்? பார்க்கலாம்.

ஜெரன்டாலஜி வேற, ஜெரியாட்ரிக்ஸ் வேற

ஜெரன்டாலஜி என்ற சொல்லை 1903-ல் உருவாக்கியவர் விஞ்ஞானி எலி மெச்னிகோஃப். தமிழில் முதுமையியல். ஜெரியாட்ரிக்ஸ் 1909-ல் வந்த சொல். இது முதியோருக்கான மருத்துவம். டாக்டர்கள் படிப்பது.

ஓர் உதாரணம். கணவரை இழந்த 75 வதுப் பாட்டி. மூட்டு வலி. வலிக்கு மருந்து தருவது ஜெரியாட்ரிக்ஸ். அந்தப் பாட்டி யாரோடு பேசுகிறார், பென்ஷன் வாங்க பேங்குக்கு எப்படிப் போகிறார், பாத்ரூமில் வழுக்காமல் இருக்க என்ன செய்யலாம், பிள்ளைகள் கைவிட்டால் சட்டம் என்ன சொல்கிறது? இதையெல்லாம் சேர்த்துப் பார்ப்பது முதுமையியல்.

என்ன சொல்லித் தருவாங்க?

வயதாகும்போது உடலில் நடக்கும் மாற்றங்கள், மறதி நோய், தனிமை, மனச்சோர்வு, குடும்ப உறவுகள், அரசுத் திட்டங்கள், சட்டம். உதாரணமாக, பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007. பிள்ளைகள் கவனிக்காவிட்டால் ஆர்.டி.ஓ தலைமையிலான தீர்ப்பாயத்தில் ஜீவனாம்சம் கேட்கலாம். இது தெரியாமலே கஷ்டப்படும் பெரியவர்கள் ஏராளம். படித்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் வித்தியாசம் தெரியும்.

யாருக்கு உண்மையில் பலன்?

இங்கதான் கவனிக்கணும். சான்றிதழ் என்பது லைசென்ஸ் அல்ல. அதை வைத்து ஊசி போடவோ, பிசியோதெரபி தரவோ முடியாது. நர்சிங், பிசியோதெரபி, சமூகப்பணி, உளவியல் போன்ற ஒரு அடிப்படைப் படிப்போடு சேரும்போதுதான் இதற்கு மதிப்பு கூடும்.

வேறு பட்டம் படித்தவர்கள் சேரவே கூடாதா? சேரலாம். ஆனால் முதியோர் இல்ல நிர்வாகம், தொண்டு நிறுவனங்கள், ஹெல்ப்லைன் ஆலோசனை போன்ற பணிகளைத்தான் குறிவைக்க வேண்டும்.

வேலை எங்கே?

முதியோர் மருத்துவத்தில் தமிழ்நாடு முன்னோடி. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978-லேயே இதற்குத் தனிப் புறநோயாளிகள் பிரிவு வந்துவிட்டது. கிண்டியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலும் பயனாளிகளில் பெரியவர்கள் அதிகம். ஆனால் இங்கெல்லாம் நர்ஸ், பிசியோதெரபிஸ்ட் என அந்தந்தத் தகுதி முதலில் வேண்டும்.

தனியார் பக்கம் ஹோம் கேர் நிறுவனங்கள், கோவை போன்ற ஊர்களில் உள்ள ஓய்வுக்கால குடியிருப்புகள் இருக்கின்றன. ஹோம் கேரில் அதிகம் தேவைப்படுவது வீட்டிலேயே தங்கிப் பார்த்துக்கொள்ளும் உதவியாளர்கள். நீண்ட நேர வேலை, உடல் உழைப்பு அதிகம். இதை ‘கேரியர்’ என்று அழகாகச் சொல்லிச் சேர்ப்பவர்களிடம் என்ன வேலை என்று தெளிவாகக் கேட்டுவிடுங்கள்.

ஜப்பானிலும் வாய்ப்பு இருக்கு. ஆனால் அங்கே பராமரிப்புப் பணிக்கான சிறப்புத் திறன் விசாவுக்கு ஜப்பானிய மொழித் தேர்விலும், பராமரிப்புத் திறன் தேர்விலும் தேற வேண்டும். நம் ஊர் சான்றிதழ் மட்டும் போதாது.

சேரும் முன் கேட்க வேண்டிய 4 கேள்விகள்

1. சான்றிதழ் தருவது பல்கலைக்கழகமா, அல்லது பெயரை மட்டும் பயன்படுத்தும் சென்டரா? யுஜிசி இணையதளத்தில் பல்கலைக்கழகத்தைச் சரிபாருங்கள்.

2. முதியோர் இல்லத்திலோ மருத்துவமனையிலோ நேரடிப் பயிற்சி உண்டா? வகுப்பறைப் பாடம் மட்டும் என்றால் யோசியுங்கள்.

3. தொலைதூரப் படிப்பா? உளவியல், ஊட்டச்சத்து உள்ளிட்ட சில நலவாழ்வுப் படிப்புகளைத் தொலைதூர, ஆன்லைன் முறையில் நடத்த 2025-ல் யுஜிசி தடை விதித்தது. உங்கள் படிப்பு அந்தப் பட்டியலில் வருமா என்று பாருங்கள்.

4. போன வருடம் முடித்தவர்கள் எங்கே வேலை பார்க்கிறார்கள்? இரண்டு பேரிடமாவது போனில் பேசுங்கள்.

டெல்லியில் உள்ள மத்திய அரசின் தேசிய சமூகப் பாதுகாப்பு நிறுவனம் முதியோர் பராமரிப்புக்கான பயிற்சிகளை நடத்துகிறது. இக்னோவின் முதியோர் மருத்துவ முதுநிலை டிப்ளமோ எம்பிபிஎஸ் முடித்தவர்களுக்கு மட்டுமே.

இன்னொரு விஷயம். பெரிய ஃபீஸ் கட்டும் முன், ஒரு மாதம் பக்கத்து முதியோர் இல்லத்தில் தன்னார்வலராகப் போய்ப் பாருங்கள். ஒரே கதையைப் பத்தாவது முறை கேட்கும்போதும் பொறுமையாக உட்கார முடிகிறதா என்பது அங்கே தெரிந்துவிடும். முடிகிறது என்றால் தாராளமாகச் சேருங்கள்.

வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ பெரியவர்களுக்கு உதவி தேவைப்பட்டால் 14567 என்ற இலவச முதியோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதற்கு எந்தச் சான்றிதழும் தேவையில்லை.