ரோடு பைக் ஓட்ட லட்ச ரூபாய் வேண்டுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. சைக்கிள் வாங்கும் எண்ணம் இல்லாதவர்கள் தாண்டிப் போகலாம். வாங்கத் துடிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் மட்டும் அவர்களிடம் காட்டிவிடுங்கள்.

என்னிடம் படித்த பையன் ஒருவன் போன வாரம் போன் செய்தான். ஒரு லேப்பில் வேலை, மாதம் 18 ஆயிரம் சம்பளம். ஒன்றரை வருடமாகச் சேர்த்து 30 ஆயிரம் வைத்திருக்கிறான். வளைந்த ஹேண்டில்பார் வைத்த ரோடு பைக் வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் ஊர் சைக்கிள் குழுவோடு நெடுந்தூரம் போக ஆசை. குழுவில் பெரிய மனிதர் ஒருவர் சொல்லியிருக்கிறார்: "ஆரம்பமே ஒரு லட்சம்தான் தம்பி. அதுக்குக் கீழ வாங்கினா காசு தண்டம். இ.எம்.ஐ. போட்டுக்கோ." சைக்கிள் கடைக்குப் போனால் அங்கே வேறு பாட்டு. "ரோடு பைக் நம்ம ரோட்டுக்கு ஆகாது. இத எடுத்துக்கங்க, 14 ஆயிரம்தான். முன்னால ஷாக், ரெண்டு பக்கமும் டிஸ்க், 21 கியர்."

"எத சார் வாங்கறது?" என்று கேட்டான். இரண்டையும் வாங்காதே என்றேன். ஏன் என்று இங்கே விவரமாகச் சொல்கிறேன். அவன் ஒருவனுக்கு மட்டும் வந்த சிக்கல் இல்லை இது.

முதலில் லட்ச ரூபாய்க் கதை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30 ஆயிரத்துக்குள் வரும் சாதாரண அலுமினிய ரோடு பைக் சுமார் 11 கிலோ இருக்கும். லட்ச ரூபாய் வண்டி 9 கிலோ என்றே வைத்துக்கொள்வோம். ஓட்டுபவர் 65 கிலோ. மொத்தம் 76 கிலோவுக்குப் பதில் 74. நூற்றுக்கு மூன்று பங்குகூட இல்லை. செங்குத்தான மலையில் ஒரு மணி நேரம் ஏறுகிறீர்கள் என்றால் ஒன்றரை நிமிடம் முன்னால் போய்ச் சேர்வீர்கள். அந்த ஒன்றரை நிமிடத்தின் விலை 70 ஆயிரம் ரூபாய், வட்டி தனி. சமவெளியில் இந்த வித்தியாசமும் கிடையாது. அங்கே நம்மைத் தடுப்பது காற்று. காற்றில் பெரும்பங்கை வாங்குவது நம் உடம்பு, வண்டி இல்லை. முதுகைக் கொஞ்சம் குனிந்து ஓட்டுவதற்கு இ.எம்.ஐ. தேவையில்லை.

"நெடுந்தூரத்துக்கு இது தாங்காது" என்பார்கள். பி.ஆர்.எம். என்று உலகம் முழுக்க நடக்கும் நெடுந்தூர ஓட்டங்கள் தமிழ்நாட்டிலும் நடக்கின்றன. 200 கிலோமீட்டரை 13½ மணி நேரத்தில் முடிக்க வேண்டும். சராசரி மணிக்கு 15 கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. மனித சக்தியால் ஓடும் எந்த வண்டியிலும் கலந்துகொள்ளலாம் என்பது விதி. விளக்கு வேண்டும், ஒளிரும் சட்டை வேண்டும் என்று எழுதிவைத்தவர்கள் லட்ச ரூபாய் வேண்டும் என்று எழுதவில்லை. கியர் மாற்றும் கருவியை டூர் டி பிரான்ஸ் பந்தயத்திலேயே 1937இல்தான் அனுமதித்தார்கள். அதற்கு முன் ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டி ஏறினார்கள். நம் ஞாயிற்றுக்கிழமைக் குழுக்காரர்களுக்குப் பின்னால் 12 பல்சக்கரம் இல்லாவிட்டால் பக்கத்து ஊர் டீக்கடை வரை போக முடியாதாம்.

இதில் எனக்கு வருத்தம் ஒன்று உண்டு. நம் அரசுப் பள்ளிகளில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விலையில்லா சைக்கிள் கொடுக்கிறோம். அந்தச் சைக்கிளில் பள்ளிக்கு வந்த பையன் வேலைக்குப் போய், சொந்தக் காசில் ஆசையாக ஒரு வண்டி வாங்க வரும்போது, "உன் காசுக்கு இங்கே இடமில்லை" என்று அனுப்புவது எந்த ஊர் நியாயம்?

அடுத்து அந்த 14 ஆயிரம் ரூபாய் வண்டி. அதில் இருக்கும் ஸ்பிரிங் ஷாக் மட்டும் 2 கிலோவுக்கு மேல். எழுந்து நின்று மிதித்தால் நம் பலத்தில் ஒரு பங்கை அதுவே அமுங்கி வாங்கிக்கொள்ளும். மழையில் நல்ல டிஸ்க் பிரேக் உயர்ந்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த விலை வண்டியில் வருவது நல்ல டிஸ்க் இல்லை. தட்டு கொஞ்சம் வளைந்தாலும் உரசிக் கத்திக்கொண்டே வரும், தெருமுனைக் கடையில் அதற்குக் கட்டையும் கிடைக்காது. 21 கியர் என்பது முன்னால் 3, பின்னால் 7, பெருக்கினால் 21. பாதிக்குப் பாதி கிட்டத்தட்ட ஒரே விகிதம்தான் திரும்பத் திரும்ப வரும்.

கியரை எண்ணி வாங்காதீர்கள், வகுத்து வாங்குங்கள். முன்னால் உள்ள சிறிய பல்சக்கரத்தின் பற்களைப் பின்னால் உள்ள பெரியதன் பற்களால் வகுங்கள். 34ஐ 32ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் மூச்சு வாங்கியாவது ஏறிவிடலாம். 42ஐ 25ஆல் வகுத்தால் 1.68. பாதி மலையில் தள்ளிக்கொண்டு போகவேண்டியதுதான்.

எல்லாவற்றையும்விட முக்கியம் அளவு. கடையில் கையிருப்பில் உள்ள பிரேமை "சீட்டை ஏத்திக்கலாம் சார்" என்று தலையில் கட்டுவார்கள். செருப்பு வாங்கும்போது இப்படிச் சொன்னால் வாங்குவோமா? சுவரோடு ஒட்டி வெறுங்காலில் நின்று, ஒரு தடித்த நோட்டைத் தொடைகளுக்கு நடுவே மேலே அழுத்திப் பிடித்து, தரையிலிருந்து நோட்டின் மேல்விளிம்பு வரை அளந்துகொள்ளுங்கள். இதுதான் உள்கால் அளவு. அதை 0.883ஆல் பெருக்கினால், கிராங்க் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பகுதி வரை வரவேண்டிய உயரம் கிடைக்கும். உள்கால் 80 செ.மீ. என்றால் 70.6 செ.மீ. நுணுக்கமாகக் கொஞ்சம் ஏற்றி இறக்கலாம், ஆனால் தொடங்க இது போதும். வண்டியின் மேல்கம்பிக்கு இரு பக்கமும் கால் ஊன்றி நின்றால் இரண்டு மூன்று செ.மீ. இடைவெளி இருக்கவேண்டும். பிரேக் பிடியில் கை வைத்தால் முழங்கை லேசாக மடங்கவேண்டும், விறைத்து நீளக்கூடாது. அளவு தப்பான வண்டி மூன்று மாதத்தில் மாடிப்படிக்கு அடியில் போய் நிற்கும், விலை எதுவாக இருந்தாலும்.

டயர் 28 அல்லது 32 மி.மீ. போடும் இடமுள்ள பிரேமாகப் பாருங்கள். "நம்ம ரோட்டுக்கு ஆகாது" என்பதற்கு அதுவே பதில். ரோடு பைக் டியூப் கிராமத்துப் பஞ்சர் கடைகளில் கிடைக்காது. மெல்லிய வால்வு என்றால் சாதாரணப் பம்பும் பொருந்தாது. ஆகவே உபரி டியூப், கைப்பம்பு, ஹெல்மெட், விளக்கு, பூட்டு இவற்றுக்கு 5 ஆயிரம் தனியே எடுத்து வைத்துவிட்டு, மீதி 25 ஆயிரத்தில்தான் வண்டி தேடச் சொன்னேன். அதற்குள் புதிதாகப் பிடித்தது கிடைக்காவிட்டால் பழையது பார்க்கலாம். ஷாக் இல்லாத நேர் ஹேண்டில்பார் வண்டியும் குறைச்சல் இல்லை.

பழைய வண்டி என்றால் ஸ்டீல் ஸ்கேல் ஒன்று கொண்டுபோங்கள். செயினில் ஓர் ஊசியிலிருந்து எண்ணி 24ஆவது ஊசி வரை சரியாக 12 அங்குலம் இருக்கவேண்டும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடியிருந்தால் செயின் மாற்றும் காலம். எட்டில் ஒரு பங்கு கூடியிருந்தால் பல்சக்கரமும் போயிருக்கும், விலையைக் குறைத்துக் கேளுங்கள். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு ரிம் கோட்டம் பாருங்கள். கோட்டம் எடுத்துவிடலாம், ஆனால் வெல்டிங் அருகே விரிசல் இருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

"மலிவா வாங்கினா ஒரு வருஷத்துல மாத்தணும், ரெண்டு செலவு" என்று அந்தப் பெரிய மனிதர் சொல்வார். மாற்றட்டுமே! ஒரு வருடம் ஓட்டியவனுக்குத் தனக்கு எந்தச் சீட் வலிக்கிறது, மலை பிடிக்கிறதா சமவெளி பிடிக்கிறதா என்று தெரியும். ஓட்டாதவனுக்கு என்ன தெரியும்? 8 பல்சக்கர வண்டிக்குச் செயினும் பிரேக் கட்டையும் குறைந்த விலையில் கிடைக்கின்றன, தேயத் தேய மாற்றிக்கொள்ளலாம். சைக்கிள் பிடிக்காமல் போய்விட்டால்கூட நஷ்டம் 25 ஆயிரத்தோடு முடியும். இ.எம்.ஐ.காரன் பிடிக்காத வண்டிக்கு இரண்டு வருடம் தவணை கட்டுவான்.

கமென்ட்டில் சந்தேகம் கேட்பவர்கள் உயரத்தோடு உள்கால் அளவையும் எழுதுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். எந்த கம்பெனி நல்லது என்று மட்டும் கேட்காதீர்கள்.