ஆசிரியப் பயிற்சியில் எது?

பட்டம் பெற்றதும் பி.எட். சேர்வது நம் வீட்டுப் பெண்களிடையே வழக்கமாயிற்று. 2015இல் அப்படிப்பு ஈராண்டாக்கப்பட்டது, செலவும் சிறிதன்று. எவ்வகுப்புக்குக் கற்பிக்க விருப்பமென்பதைச் சேருமுன்னரே தெளிவாக்கிக்கொள்வோம். ஐந்தாம் வகுப்பு வரையெனில் பி.எட். தகுதியாகாதென உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. அங்கே வேண்டுவது டி.எல்.எட். என்னும் ஈராண்டுத் தொடக்கக் கல்விப் பட்டயம். பட்டதாரிக்குப் பட்டயமா என முகஞ்சுளிப்போர் உளர். பள்ளிகள் அங்ஙனம் பார்ப்பதில்லை.

ஆறாம் வகுப்புக்கு மேலெனில் பி.எட். தக்கதே.

கேந்திரீய வித்தியாலயங்களில் இடம் நாடுவோர் மத்திய ஆசிரியர் தகுதித் தேர்விலும் வெற்றிபெற வேண்டும். அத்தேர்வின் மொழித்தாளுக்குத் தமிழையும் தெரிந்தெடுக்கலாம். இந்தியோடு மல்லாடும் நம் பிள்ளைகளுட் பலர் இதனை அறியார். பணம் கட்டுமுன், கல்லூரி தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரம் பெற்றதா எனவும் பார்த்துவிடுக.