இரண்டு கையிலும் நாடி பாருங்கள், டாக்டர்!

நாடி பிடித்துப் பார்ப்பதெல்லாம் அந்தக் காலம், இப்போதுதான் மெஷின் இருக்கிறதே என்பவர்களுக்கு ஒரு பழைய கதை.

1908-ல் ஜப்பானில் மிகிட்டோ தகயாசு என்ற கண் டாக்டர், 21 வயசுப் பெண் ஒருத்தியின் விழித்திரையில் ரத்தக்குழாய்கள் மாலை மாதிரி பின்னிக் கிடந்ததைப் பற்றிப் பேசினார். உடனே வேறு இரண்டு டாக்டர்கள், இதே மாதிரி நாங்களும் பார்த்தோம், அவர்கள் கையில் நாடியே கிடைக்கவில்லை என்றார்கள். கண்ணுக்கும் கைநாடிக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் நெஞ்சிலும் கழுத்திலும் இருக்கிறது. இதயத்திலிருந்து கிளம்பும் மகாதமனியில் இருந்துதான் கைக்குப் போகும் குழாயும், கழுத்து வழியாகக் கண்ணுக்கும் மூளைக்கும் போகும் கரோட்டிடும் பிரிகின்றன. தகயாசு நோயில் உடம்பின் எதிர்ப்பு சக்தியே இந்தச் சுவர்களைத் தாக்குகிறது. சுவர் தடித்து, வழி சுருங்குகிறது. கொழுப்பு படிந்து அடைப்பது வேறு, இது வேறு.

கரோட்டிட் சுருங்கினால் பார்வை மங்கும், பக்கவாதம்கூட வரலாம். இன்னொரு விசித்திரமும் உண்டு. கைக்குப் போகும் குழாய் ஆரம்பத்திலேயே சுருங்கிவிட்டால், பின்மூளைக்கு ஏற வேண்டிய ரத்தம் திரும்பிக் கைக்கு இறங்கும். துணி துவைத்தால் தலை சுற்றும்! மூளையிடம் கை திருடுகிறது, அவ்வளவுதான்.

50 தாண்டியவர்களுக்கு வரும் இதன் உறவுக்காரன் ஜயன்ட் செல் ஆர்ட்டிரைட்டிஸ். புதிதாகத் தலைவலி, சீப்பு பட்டாலே வலி, மென்றால் தாடை வலி. அங்கே உடனே ஸ்டீராய்டு ஆரம்பிக்க வேண்டும். போன பார்வை திரும்புவது அபூர்வம்.

சரி, என் ஆதங்கத்துக்கு வருகிறேன். தகயாசு பெரும்பாலும் 40-க்குக் கீழ் உள்ள பெண்களுக்கு வருகிறது. இந்தியா உட்பட ஆசியாவில் அதிகம். ஆனால் நம்மூரில் ஒரு இளம்பெண் "அசதியா இருக்கு, தலை சுத்துது" என்றால் என்ன பதில்? "ஒழுங்கா சாப்பிடறதில்ல, ரத்தம் கம்மி." கையில் சத்து மாத்திரை. பிரஷர் மெஷின் அளவு காட்டாவிட்டால், "பேட்டரி போயிருக்கும்"!

இதில் ஆபத்து என்னவென்றால், சுருங்கிய கையில் எடுத்த பிரஷர் பொய் சொல்லும். சிறுநீரகக் குழாயும் சுருங்கியிருந்தால் உள்ளே பிரஷர் எகிறிக் கிடக்கும். கையில் மட்டும் நார்மல். யாருக்கும் தெரியாமல் பக்கவாதம் காத்திருக்கும்.

"அபூர்வமான நோய், எதற்கு எல்லோரையும் பயமுறுத்துகிறாய்?" என்று கேட்கலாம். நியாயம்தான். தலைசுற்றலுக்கு ரத்தசோகை நிஜமாகவே சாதாரண காரணம். எல்லோருக்கும் ஸ்கேன் எடுங்கள் என்று நான் சொல்லவில்லை. இரண்டு கை மணிக்கட்டையும் தொட்டுப் பார்த்து, இரண்டு கையிலும் பிரஷர் எடுக்கத்தான் சொல்கிறேன். கைகளுக்கு இடையே 10-க்கு மேல் வித்தியாசம் என்பதை 1990-லேயே இந்த நோயின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். அது மட்டுமே நோயை உறுதி செய்யாது. ஆனால் அடுத்து என்ன பார்க்கலாம் என்று சொல்லும். செலவு? ஒரு நிமிஷம்.

அடுத்த முறை பிரஷர் பார்க்கப் போனால், கூச்சப்படாமல் கேளுங்கள்: "டாக்டர், அந்தக் கையிலயும் ஒரு தடவை பாருங்களேன்."