எண்ணிப் பார்த்த பின் மருந்தடிக்கலாமே!

மார்கழிக் காலையில் எங்கள் சேத்தியாத்தோப்பு வரப்புகளில் நடந்தால், சில வயல்களில் ஒரு கெட்ட நாற்றம் மூக்கைத் துளைக்கும். பள்ளிக்கு வரும் நாங்கள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவோம். அந்த நாற்றத்துக்குச் சொந்தக்காரர் திருவாளர் கதிர் நாவாய்ப்பூச்சி!

ஒல்லியான உடல், பச்சையும் பழுப்பும் கலந்த நிறம், நீண்ட கால்கள். இலைக்கால் நாவாய்ப்பூச்சிகளுக்கு இவர் நெருங்கிய உறவினர். பின்னங்காலில் இலை போன்ற விரிவு மட்டும் இவருக்கு இல்லை. கடித்துத் தின்னத் தெரியாது. ஊசி போன்ற வாயை நெல்மணியில் செருகிப் பாலை உறிஞ்சுவார். மணி பதராகும், அல்லது கறை படியும். நெல் கதிர் விடும்வரை வரப்பிலுள்ள குதிரைவாலி போன்ற புற்களில் காலம் தள்ளுவார். முட்டைகளை இலைமேல் வரிசையாக இடுவார். குஞ்சுகளுக்குக் கூட்டுப்புழுப் பருவமே கிடையாது. ஐந்து முறை தோலுரித்து இறக்கை பெற்றுவிடும்.

பால் போனால் எங்களுக்கும் நட்டம்தான். பள்ளிக் கட்டணமும் பொங்கல் புத்தாடையும் அந்தப் பாலில்தானே இருக்கின்றன! ஆனாலும் நாற்றம் வந்ததுமே மருந்து மூட்டையை அவிழ்ப்பது சரியென்று எங்களுக்குத் தோன்றவில்லை. அதிலும் உச்சி வெயிலில் தூவுகிறார்கள். இவர் கதிருக்கு வருவது காலையிலும் மாலையிலும். வெயில் ஏறினால் பயிரின் அடியில் நிழலுக்குப் போய்விடுவார். மேலே அகப்பட்டுச் சாவது இவரைப் பிடித்துத் தின்னும் சிலந்தியும் தட்டானுமே.

கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் கணக்கே சொல்லியிருக்கிறது. பூக்கும்போது 100 கதிருக்கு 5 பூச்சி, பால் பிடிக்கும்போது 16 பூச்சி இருந்தால்தான் மருந்து தேவை. அப்போதும் 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறோ நொச்சியிலைச் சாறோ தெளிக்கலாம். அதற்கும் முன்னால் வரப்புப் புல்லை அறுத்துவிட்டால் பாதித் தொல்லை இல்லை. மாட்டுக்கும் தீனியாயிற்று!

"படிக்கிற பிள்ளைகளுக்கு விவசாயம் என்ன தெரியும்?" என்றார் ஒரு தோழியின் அப்பா. நியாயமான கேள்விதான். ஒரு சனிக்கிழமை, பொழுது விடிந்ததும் நாங்கள் நான்கு பேர் அவர் வயலில் இறங்கி 100 கதிர்களைப் பார்த்தோம். பால் பிடித்த பயிர். ஒன்பது பூச்சிகள்தாம் இருந்தன. அவர் நம்பாமல் தாமே இறங்கி எண்ணினார். அவருக்கு எட்டுதான் கிடைத்தது!

கடனுக்கு வாங்கிய மருந்து மூட்டை கட்டுப் பிரிக்காமல் கொட்டகைப் பரணில் கிடக்கிறது. கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்வாரா என்று தோழியின் அம்மா விசாரித்துக்கொண்டிருக்கிறார்.